ஒரே இடத்தில் இரண்டு சிகரங்கள்

திரையில் இருந்த மரபணு ஆம்ஃபியாக்சஸுடையது அல்ல, மனிதருடையது என்று தெரிந்ததும் சுப்ரியாவுக்கு முதலில் வந்தது எரிச்சல்தான். முதுகெலும்பு தோன்றுவதற்கு முந்தைய காலத்தை நினைவூட்டும் குட்டிக் கடல்பிராணி ஆம்ஃபியாக்சஸ். உடம்பில் சேரும் அம்மோனியாவை அகற்றும் நொதி அதனிடம் எப்படி உருவாகி வந்தது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. சளி பிடித்த வாரத்தில் முகக்கவசம் இல்லாமல் டியூப்களைத் திறந்ததற்குக் கைமேல் பலன்; தும்மலோடு அவளுடைய மரபணுவே உள்ளே விழுந்திருக்கும். பெங்களூரு குளிர் யாரை விட்டது?

எரிச்சல் அடங்குவதற்குள் இன்னொன்று கண்ணில் பட்டது. வரைபடத்தில் ஒரே இடத்தில் இரண்டு சிகரங்கள். ஒன்று அங்கே இருக்க வேண்டிய மரபணு எழுத்து, மற்றது பிழை. அந்தப் பிழையைப் பற்றி அவள் நிறையப் படித்திருக்கிறாள். அதைச் சுமக்கும் தாயை அநேகமாக ஒன்றும் செய்யாது. ஆனால் அவளுக்குப் பிறக்கும் ஆண் குழந்தைக்கு அது போய்ச் சேர்ந்தால், பிறந்த வாரத்திலேயே கொண்டுபோய்விடும். ஆணுக்கு இந்த மரபணுவில் ஒரு பிரதிதான். இரண்டு இருப்பதும், அதனால் இரண்டு சிகரங்கள் வருவதும் பெண்ணுக்கு. ஆய்வகத்தில் பெண் அவள் ஒருத்திதான், அதுவும் நிறைமாதத்தை நெருங்கும் வயிற்றோடு.

பக்கத்து மேசை டென்சில் எட்டிப் பார்த்தான். "டென்ஷன் ஆகாதம்மா. அந்த டியூப்ப நானும்தான் தொட்டேன். ரெண்டு பேரோடதும் மிக்ஸ் ஆயிருக்கும்."

"இந்தத் தப்பு உன்னோடதா இருந்தா, நீ இப்படி நின்னு பேசிக்கிட்டிருக்க மாட்ட, டென்சில்."

அவன் குனிந்து அந்த இரண்டு சிகரங்களையும் பார்த்தான். பிறகு மெல்ல, "பிளட் குடுத்துப் பாத்துடலாம்," என்றான்.

அதுவரை பொறுக்க அவளால் முடியவில்லை. வராந்தாவுக்குப் போய், ஜோகுபாளையத்தில் இருக்கும் அம்மா சொர்ணத்துக்குப் போன் போட்டாள்.

"எனக்கு முன்னாடி ஒரு பையன் பொறந்தானே, எப்படிம்மா போனான்?"

"புள்ளத்தாச்சி கேக்குற கேள்வியாடி இது?"

"சொல்லும்மா."

"நல்லாத்தான் பொறந்தான். மறுநாளே பால் குடிக்கல. எழுப்ப எழுப்பத் தூங்கிக்கிட்டே இருந்தான். டாக்டருக்கே என்னன்னு தெரியல." அம்மா மூக்கை உறிஞ்சினாள். அம்மோனியா ஏறிய குழந்தை அப்படித்தான் தூங்கும் என்று சுப்ரியா படித்திருந்தாள். ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் சொல்ல மாட்டார்கள். எதுவானாலும் சரி என்றுதான் இத்தனை நாள் இருந்தாள்.

"நீ ஒண்ணும் பயப்படாத கண்ணு," என்றாள் அம்மா. குரலில் சந்தோஷம் திரும்பியிருந்தது. "அவனேதான் உன் வயித்துல வந்திருக்கான். பையன்தான், பாரேன்."

உள்ளே குழந்தை உதைத்தது. நல்ல பலமான உதை. சுப்ரியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மூச்சுகூட விடாமல், அடுத்த உதைக்குக் காத்து நின்றாள்.