இருக்கையை விட்டு நகராதவள்

பாட்டில் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு அவள் மூடியைத் திருகியபோது, அடுத்த மேசை டைப்பிஸ்ட் விரல்களை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

“அக்கா, நீங்களா தண்ணி குடிக்கிறீங்க?”

“ஏன், நான் குடிச்சா தொண்டையில இறங்காதா?”

டைப்பிஸ்ட் சிரிக்கவில்லை. அந்த மின்சார அலுவலகத்தில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். புகார்ப் பிரிவில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அக்கா, காலையில் அரை டம்ளர் காபியோடு வாயைக் கட்டினால் மாலை வீடு போய்ச் சேரும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. நாக்கு வறண்டால் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொள்வாள். பெண்கள் கழிப்பறைக்குப் படியேற வேண்டும். ஏறினாலும் அந்தக் கதவில் நாற்காலி நுழையாது. வராந்தாவின் கடைசியில், நீல நிறத்தில் சக்கர நாற்காலிப் படம் ஒட்டிய கழிப்பறை ஒன்று இருக்கத்தான் செய்தது. அவள் மாற்றலாகி வந்த நாளிலேயே அதில் பூட்டுத் தொங்கியது. உள்ளே அலுவலகத்தின் உடைசல் அத்தனையும் கிடந்தது. மாலையில் அவள் வீடு திரும்பும் நேரம் தங்கை வாசல் கதவையும் குளியலறைக் கதவையும் விரியத் திறந்துவைத்துவிட்டு ஒதுங்கி நிற்பாள். பேச்செல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேட்கத் தெரியாதவள் இல்லை. கம்பம் சாய்ந்தது, கம்பி அறுந்தது என்று ஊரார் கொண்டுவரும் புகாருக்கெல்லாம் அதிகாரிகளோடு மல்லுக்கு நிற்பவள். ஆனால் இதைக் கேட்க வேண்டுமானால் தன் உடம்பைப் பற்றிப் பேச வேண்டும், ஆண்கள் நிறைந்த அறையில். அதைவிடத் தாகம் சுலபமாக இருந்தது. போகப் போக அதில் ஒரு கர்வமும் சேர்ந்துகொண்டது. போன ஆண்டு விழாவில் மேலாளர் அவளுக்குச் சிறந்த பணியாளர் கேடயம் கொடுத்து, “காலையில உட்கார்ந்தா சாயங்காலம் வரைக்கும் சீட்டை விட்டு நகராத ஒரே ஆள்” என்று மைக்கில் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அந்த நிமிர்வை நினைத்தால்தான் இப்போது உடம்பு கூசுகிறது. தன்னைத் தானே வதைத்ததற்குப் பரிசு வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறாள்.

போன வாரம் மறுபடியும் குளிர்காய்ச்சலோடு போனபோது டாக்டரம்மா, “கிட்னி ரெண்டும் கெஞ்சுதும்மா. இனிமே கெஞ்சாது, நின்னுடும். பகல் பூரா தண்ணி குடிக்கணும்” என்றார். மாத்திரை எழுதித் தந்தார். கழிப்பறையை எழுதித் தர அவரால் முடியவில்லை. அன்றிரவு படுக்கையில் அவள் யோசித்து வைத்தது ஒன்றுதான். கேட்டுவிட்டுக் குடிப்பதில்லை, குடித்துவிட்டுத்தான் கேட்பது. பின்வாங்கத் தனக்கு வழி வைக்கக் கூடாது.

ஸ்டோர்கீப்பரை எல்லோரும் சாவிக்கொத்து என்பார்கள். இடுப்பில் அது குலுங்க அவர் அந்தப் பக்கம் வந்தார்.

“அண்ணே, கடைசி ரூம் சாவி வேணும்.”

“அதைத் திறந்தா மொத்தமும் என் தலையில விழும்மா. யாரும் உபயோகிக்கறதில்லேன்னுதானே சாமானைப் போட்டோம்.”

“பூட்டி வச்சா எப்படி உபயோகிக்கறது?”

“நீங்க ஒரு நாளும் கேட்டதில்லையே.”

அது உண்மைதான். உண்மை என்பதால் சுருக்கென்றது. “இன்னைக்குக் கேக்கறேன்” என்றாள். சார் சொல்லட்டும் என்று அவர் நழுவிவிட்டார்.

மேலாளர் கெட்டவர் இல்லை. அவள் அறைக்குள் வந்து சொன்னதை எழுந்து நின்றே கேட்டார். கேட்டு முடித்ததும் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து இடம் மாற்றி வைத்தார்.

“ஏம்மா, இன்னைக்குன்னு பாத்து எதுக்கு இவ்வளவு தண்ணி குடிச்சீங்க?”

“தாகம் எடுத்துச்சு சார்.”

“வண்டி சொல்றேன், வீட்டுக்குப் போயிட்டு நாளைக்கு வாங்க. லீவு கூடப் போட வேணாம்.”

“நாளைக்கும் தாகம் எடுக்குமே.”

“சரி, எழுதிக் குடுங்க. மேல அனுப்பறேன்.”

“எழுதிக் குடுத்தா அதை வாங்கி முத்திரை குத்தறதும் நான்தான் சார். என் மேசையில எது எவ்வளவு நாள் தூங்கும்னு எனக்குத் தெரியாதா?”

அவர் அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டு சிரித்தார். அவள் நாற்காலியைத் திருப்பினாள். தன் மேசையைத் தாண்டி வராந்தாவின் கடைசிக்குப் போய், பூட்டிய கதவுக்கு முன்னால் பிரேக்கைப் போட்டாள். அடிவயிறு கல்லாக இறுகியிருந்தது. இங்கேயே அடக்க முடியாமல் போய்விட்டால்? புடவை நனைந்து, தரையில் ஓடி, எல்லோரும் பார்த்தால்? அந்தக் காட்சியை அவள் மனதிலிருந்து துரத்தவில்லை. அப்படி நடந்தால் அசிங்கம் எனக்கில்லை, இந்தப் பூட்டுக்கு என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டாள். பிறகு டைப்பிஸ்டைக் கூப்பிட்டாள்.

“என் முத்திரையையும் பதிவேட்டையும் எடுத்துட்டு வா. புகாரோட வர்றவங்களை இங்க அனுப்பு.”

முதலில் வந்தவள் ஒரு தையல்கடைக்காரி, கழுத்தில் அளவு நாடாவோடு.

“இதென்ன கூத்து, ஆபீஸ் கக்கூஸ் வாசலுக்கு வந்துடுச்சு?”

“நான் உள்ள போகணும். பூட்டி வச்சிருக்காங்க. திறக்கற வரைக்கும் ஆபீஸ் இங்கதான். உங்க புகார் என்ன, சொல்லுங்க.”

சொல்லிவிட்டாள். பின்னால் ஆண்கள் நின்றார்கள், அவர்களுக்கும் கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும்.

தையல்கடைக்காரி கதவில் இருந்த படத்தைப் பார்த்தாள், நாற்காலியைப் பார்த்தாள். “என் புகார் கிடக்குது” என்றவள் வராந்தா பக்கம் திரும்பித் தொண்டையைத் திறந்தாள். “சாவி யார்கிட்டய்யா இருக்கு?”

மேலாளர் வெளியே வந்தபோது வரிசை வாசல்வரை நீண்டிருந்தது. அவர் ஸ்டோர்கீப்பரைப் பார்த்துத் தலையசைத்தார். கதவு திறந்ததும் கால் உடைந்த நாற்காலிகளும் மின்விசிறி இறக்கைகளும் பழைய மீட்டர்களும் சரிந்து வந்தன. வரிசையில் நின்றவர்களே அவற்றைக் கைமாற்றிக் கைமாற்றி வராந்தாவில் அடுக்கினார்கள். கடைசியில் ஓர் இரும்பு பீரோ மட்டும் அசைய மறுத்தது. அது இருக்க, நாற்காலி உள்ளே போகலாம். கதவைச் சாத்த முடியாது.

“இதை நாளைக்கு ஆள் வச்சு எடுத்துடலாம்மா” என்றார் மேலாளர்.

“நாளைக்கு வரைக்கும் அடக்கிட்டு உட்காரவா சார்?”

டைப்பிஸ்ட் குவியலிலிருந்து சுருட்டிக் கிடந்த ஒரு பேனரை உருவி உதறினாள். இந்தக் கட்டடத் திறப்பு விழாவுக்கு அடித்தது. அதில் அனைவரையும் வரவேற்று, வரிசையாக அதிகாரிகள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையைத் தையல்கடைக்காரி பிடித்தாள்.

“ஆம்பளைங்க எல்லாம் அந்தப் பக்கம் திரும்புங்க. சார், உங்களுக்கும் சேர்த்துத்தான்” என்றாள் டைப்பிஸ்ட்.

பேனருக்குப் பின்னால், சுவர்க் கம்பியைப் பற்றி அவள் நாற்காலியிலிருந்து உடம்பை இடம் மாற்றினாள். கம்பியின் தூசி உள்ளங்கையில் அப்பிக்கொண்டது.

“வேலை முடிஞ்சவங்க எல்லாம் கிளம்புங்க, கூட்டம் போடாதீங்க” என்று வெளியே மேலாளரின் தணிந்த குரல் கேட்டது.

“யாரும் போகாதீங்க” என்றாள் அவள், புகார் மேசையில் பேசும் அதே குரலில். “நான் வெளிய வந்ததும் இந்த பீரோவைத் தூக்க ஆள் வேணும்.”

யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, “நிக்கறோம்மா” என்றார்.

வராந்தா வெளிச்சம் பேனருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. எழுத்துகள் திரும்பித் தெரிந்தன. முகங்கள் மங்கலாகப் பல்லைக் காட்டின. அவற்றுக்குக் கீழே குதிகால்கள் வரிசையாக அவளைப் பார்த்து நின்றன. தேய்ந்த செருப்புகளுக்கு நடுவே பளபளவென்று ஒரு ஜோடி ஷூ. அது ஓர் அடி எடுத்து வைத்தது, தயங்கியது, பிறகு பழைய இடத்துக்கே திரும்பி வந்து நின்றது.

அவள் அவசரப்படவில்லை.