பெயிண்ட் காயும்வரை

பூசையன்று இருந்தவர்கள்: நான். என் அம்மா வெள்ளையம்மா. ஆறு மாதத்துக்கு முன் ஜொகூர் பாருவுக்குப் போய்விட்ட என் மனைவி தேன்மொழி. அவளைக் காரில் கூட்டிவந்த அவள் அண்ணன் சுகுமாறன்.

பூசை ஒரு பழைய பிக்கப் வண்டிக்கு. காஹாங்கில் செம்பனைத் தோட்டக்காரர் ஒருவர் கழித்துப்போட்டது. பல வருஷம் உரம் ஏற்றிய வண்டி. உர உப்பு இரும்பைத் தின்றுவிடும். பின்பலகையில் விரலால் அழுத்தினால் விரல் மறுபக்கம் வந்தது. சிங்கப்பூர் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் வேலையை விட்டபிறகு அதை வாங்கிவந்து பாலோவில் எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் நிறுத்தினேன். இனி யாரிடமும் வேலைக்குப் போவதில்லை, காய்கறி ஏற்றி விற்கலாம் என்று எண்ணம்.

துருவைச் சுரண்டி மேலே பட்டி பூசினால் ஒரு மழைக்காலம் தாங்கும். நான் அப்படிச் செய்யவில்லை. கெட்ட இடத்தை கிரைண்டரால் வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்தேன். நல்ல இரும்பு வரும்வரை வெட்டவேண்டும். அது எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரியாது. கதவின் அடியில் கையளவு என்று தொடங்கியது பாதிக் கதவைக் கொண்டுபோனது.

தேன்மொழி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவளுக்கும் சிங்கப்பூரில்தான் வேலை. இருட்டில் தொழிற்சாலை பஸ் ஏறி, இருட்டில் திரும்பி வந்து அலுத்துவிட்டது. சிங்கப்பூருக்குப் பக்கத்திலேயே, ஜொகூர் பாருவில் இரண்டு பேரும் அறை எடுத்துத் தங்கலாம் என்றாள். வண்டி முடியட்டும் என்றேன். இரண்டாவது தடவை கேட்டபோதும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவை அவள் கேட்கவில்லை, போய்விட்டாள். சண்டை கிடையாது.

அவள் திரும்பி வரவேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். யாரிடமும் சொன்னதில்லை. வண்டியில் இடது பக்க இருக்கையின் அடித்தகட்டை மட்டும் ஒருமுறை செய்து, திருப்தியில்லாமல் பிய்த்துவிட்டு மறுபடி செய்தேன். அவள் கால் வைக்கும் இடம்.

பூசைக்கு அவளைக் கூப்பிட்டது அம்மா. வண்டிக்குப் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்துதான் பொட்டு வைக்கவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். தேன்மொழிக்கு ஞாயிறுதான் லீவு. அந்த வாரம் முழுக்க மழை. வெள்ளிக்கிழமைதான் வெள்ளை பெயிண்ட் அடிக்க முடிந்தது. தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பச்சையாக இருக்கும். மஞ்சளோ குங்குமமோ பட்டால் சாயம் இறங்கிவிடும், பிறகு போகாது. தெரிந்துதான் ஞாயிறுக்கு ஒத்துக்கொண்டேன்.

சுகுமாறன் வண்டியைச் சுற்றிவந்து தட்டிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை, இதுல பழைய இரும்பு ஏதாச்சும் மிச்சம் இருக்கா?"

"எஞ்சின் இருக்கு மச்சான்."

"ஓடுமா?"

"கேட் வரைக்கும் ஓடும்."

"அலமாக்! அப்போ பாருவுக்குத் தள்ளிக்கிட்டுதான் வரணும் லா."

தேன்மொழி சிரித்தாள். இளைத்திருந்தாள். முடியை வெட்டியிருந்தாள். எப்போது வெட்டினாள் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

அம்மா சந்தனக் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார். "நீயே வைம்மா. அவன் கையெல்லாம் தின்னர் நாத்தம். சாமி ஓடிப்போயிரும்."

அவள் பானெட் பக்கம் குனிந்தாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவள் கை என் வண்டிமேல் படப்போகிறது. சும்மா நின்றேன். மூன்று விரலால் சந்தனத்தை இழுத்தாள், நடுவில் குங்குமத்தை அழுத்தி வைத்தாள்.

சக்கரங்களுக்கு அடியில் அம்மா எலுமிச்சம்பழம் வைத்தார். "ரெண்டு பேரும் ஏறுங்க."

ஏறினோம். மெதுவாக விட்டேன். பழங்கள் நசுங்கும் சத்தம் கேட்டது. தேன்மொழி காலால் தரையைத் தட்டிப் பார்த்தாள்.

"கெட்டியா இருக்கே. முன்னல்லாம் ரோடு தெரிஞ்சுது."

"ம்."

கேட்டில் நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. அணைத்தால் அவள் இறங்கிவிடுவாள்.

"இப்ப இருக்கிற ரூம் பெருசுதான்," என்றாள் ரோட்டைப் பார்த்தபடி. "என்கூட வந்துருங்களேன். நைட் ஷிஃப்ட்லாம் வேணாம். வேற வேலை பாத்துக்கலாம்."

அவள் மறுபடி கேட்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. வருகிறேன் என்று சொன்னால் போதும். வாயைத் திறந்தேன்.

"பெயிண்ட் காய ஒரு மாசம் ஆகும்," என்றேன். "அப்புறம் பாலிஷ் போடணும். கதவு ரப்பர் வேற இன்னும் வரல."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள். நகத்தில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"காயவே இல்லையா? அப்ப ஏன் பொட்டு வைக்க விட்டீங்க?"

"நீ வச்சே. அதான்."

"வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"சரி. காயட்டும்," என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

சோறு போட்டாச்சு என்று அம்மா கூப்பிட்டார். "இல்ல அத்தை, காலையில வேலை இருக்கு. இப்பவே கிளம்புனாதான் ரோட்டுல ஜேம் இல்லாம போலாம்," என்றாள். அம்மா வண்டிப் பக்கம் வந்தார். பானெட்டில் வழிந்த குங்குமத்தை முந்தானையால் துடைத்தார். ரோஸ் நிறத்தில் பரவியது.

"போகமாட்டேங்குதுடா."

"விடும்மா."

சுகுமாறனின் கார் ரோட்டோரம் நின்றது. எஞ்சினை அணைத்துவிட்டு நானும் இறங்கிப் பின்னால் போனேன். என்ன சொல்லவேண்டும் என்று இப்போது தெரிந்திருந்தது. அவள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். கண்ணாடி ஏற்றியிருந்தது. கையைத் தூக்கினேன். கார் நகர்ந்ததும் அவள் பக்கத்துக் கதவு தானாகப் பூட்டிக்கொண்டது.