ஆறரை மணிக்கு வரும் பச்சைப் பக்கம்

அந்தப் பச்சைப் பக்கத்தைப் பார்த்தாலே ஊசிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊசி என்பது வீட்டார் வைத்த பேர். தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பவள், ஆளும் ஒல்லி, போதாததற்குப் பேச்சும் குத்தும். பேர் ஒட்டிக்கொள்ள வேறென்ன வேண்டும்? வீட்டு முன்னறைதான் அவள் பட்டறை. எந்நேரமும் நாலைந்து மெஷின்கள் அடிவயிற்றைக் காட்டிக்கொண்டு சாய்ந்து கிடக்கும். திருகாணிகள் உருண்டோடாமல் இருக்க ஒரு காந்தக் கிண்ணம், எண்ணெய் கேன், கந்தல் துணி மூட்டை. ஜன்னலோரம் கம்ப்யூட்டர். அது இல்லாமல் இப்போதெல்லாம் அவளுக்குப் பாதி வேலை ஓடாது. கேள்விப்படாத கம்பெனி மெஷின் ஒன்று வந்து இறங்கினால், அதன் உள்ளே எந்தச் சக்கரம் எந்தப் பல்லோடு சேர வேண்டும் என்ற படத்தை அதில்தான் தேடி எடுப்பாள். அவள் கழற்றிய ஒவ்வொரு மெஷினையும் கழற்றிய வரிசைப்படி போட்டோ எடுத்து இரண்டு வருஷமாக அதில்தான் சேர்த்தும் வைத்திருந்தாள்.

மூன்று வாரமாக அந்தக் கம்ப்யூட்டருக்குப் புத்தி பேதலித்திருந்தது. எதைத் தேடினாலும் ஒரு கணம் சரியான பக்கம் வருவது போல வரும், உடனே அது நழுவி ஒரு பச்சைப் பக்கம் வந்து குந்திக்கொள்ளும். பாபின் கேஸ் என்று கேட்டால் உடம்பு இளைக்க மருந்து. நூலை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷன் டிஸ்க் என்று கேட்டால் மன அமைதிக்கு மாத்திரை. அது ஒன்றாவது ஓரளவு பொருத்தம் என்று அவளே சிரித்திருப்பாள், மனசு லேசாக இருந்திருந்தால். ஆனால் ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வரப்போகிறான்.

அவளுடைய அண்ணன் ஒரு கிடங்கில் ஸ்டோர் கீப்பர். அங்கே அவனுக்கு மேலே ஏழு பேர் இருக்கிறார்கள். குடும்பத்தில் அவனுக்கு மேலே யாரும் இல்லை, அதனால் வீட்டில் அவனுக்கு மேனேஜர் என்று பேர். சொந்தத்தில் யார் போன் வாங்கினாலும் பெட்டியை அவன்தான் பிரிப்பான். யார் கம்ப்யூட்டர் வாங்கினாலும் அவன்தான் வந்து உட்கார்ந்து எல்லாம் போட்டுக் கொடுப்பான். ஊசியின் கம்ப்யூட்டரையும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன்தான் தோளில் சுமந்து மாடி ஏற்றி, அரை நாள் உட்கார்ந்து தயார் பண்ணினான். அந்த அன்பில் குறை சொல்ல முடியாது. அந்த அன்புக்கு ஒரு மூக்கணாங்கயிறும் உண்டு, அவ்வளவுதான்.

பச்சைப் பக்கத்தைப் பற்றி அவனிடம் போனில் சொன்னதும், கண்டதையும் க்ளிக் பண்ணினால் இப்படித்தான் என்று தீர்ப்பு வந்துவிட்டது. விசாரணை எல்லாம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்து கம்ப்யூட்டரைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய், உள்ளே இருக்கிறதை முழுக்க அழித்து, அங்கேயே வைத்துக்கொள்வானாம். அவளுக்கு ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் போன் பண்ணினால் போதும், அவன் தேடிப் பார்த்துச் சொல்வானாம். போட்டோக்கள் என்னாவது என்று கேட்டதற்கு, திருகாணிப் படத்தை எல்லாம் யாராவது சேர்த்து வைப்பார்களா என்று சிரித்தான்.

ஊசியின் புருஷன் பஸ் டிரைவர். எவ்வளவு பெரிய லாரி எதிரே வந்தாலும் ஒதுங்காதவன், மச்சான் வந்தால் மட்டும் ஓரங்கட்டிவிடுவான். எடுத்துக்கொண்டு போகட்டுமே, தலைவலி விட்டது என்றான். ஊசிக்கு வந்த கோபத்தில் அன்று காபியில் சர்க்கரை போடவில்லை. அவனும் வாயைத் திறக்காமல் குடித்துவிட்டுப் போனான். ஒரு ஸ்பிரிங்குக்குக்கூட அண்ணனுக்கு போன் போட்டு, அவன் வேலை முடிந்து வரும்வரை காத்திருந்து, அவன் பொறுமை இருந்தால் தேடிச் சொல்வதை வாங்கிக்கொண்டு பட்டறை நடத்துவதற்கு, பட்டறையை இழுத்து மூடிவிடலாம். அந்தக் கம்ப்யூட்டர் இந்த அறையை விட்டுப் போகாது என்று திங்கட்கிழமை காலை அவள் முடிவு பண்ணினாள்.

நோய் பிடித்த மெஷினிலேயே மருந்தைத் தேட முடியாது. புருஷனுடைய போனை வாங்கி அதில் தேடிப் படித்தாள். பிரவுசரின் உள்ளே எக்ஸ்டென்ஷன் என்று குட்டிக் குட்டியாகச் சேர்த்துக்கொள்ளும் சமாச்சாரங்கள் இருக்குமாம், அதில் ஒன்று கள்ளனாக இருக்கலாமாம். போய்ப் பார்த்தால் அங்கே 'ஸ்பீடு ராஜா' என்று ஒருத்தர் மீசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவள் அழைக்காத விருந்தாளி. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளினாள். அன்று பகல் முழுக்கத் தேடியது எல்லாம் ஒழுங்காகக் கிடைத்தது. சாயங்காலம் ஆறரைக்குப் பச்சைப் பக்கம் திரும்ப வந்து பல்லிளித்தது.

செவ்வாய்க்கிழமை மறுபடி தள்ளினாள். ஆறே முக்காலுக்கு ராஜா மறுபடி வந்தார். இந்தத் தடவை கூடவே ஒரு சிவப்புக் கட்டம் எழும்பி, உங்கள் கம்ப்யூட்டரில் முந்நூற்றுப் பன்னிரண்டு கோளாறுகள், சரிசெய்ய இங்கே அழுத்தவும் என்றது. ஊசி அதையே கொஞ்ச நேரம் முறைத்தாள். மூடியைக் கழற்றாமல் முந்நூற்றுப் பன்னிரண்டு கோளாறு சொல்கிற மெக்கானிக் திருடனாகத்தான் இருப்பான். அவள் தொழிலில் அப்படிப் பேசுகிறவர்களை நேரிலேயே பார்த்திருக்கிறாள். கட்டத்தை மூடினாள். புதன்கிழமை பிரவுசரையே எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். அன்றும் ஆறரைக்கு ஆஜர்.

ரிப்பேருக்கு வரும் மெஷின்களுக்கு அவள் ஒரு நோட்டு வைத்திருந்தாள். எந்த நாள், என்ன கோளாறு, என்ன செய்தது, மறுபடி எப்போது வந்தது. அதில் ஒரு புதுப் பக்கத்தில் கம்ப்யூட்டரையும் எழுதினாள். எழுதியதைப் படித்ததும் அவளுடைய தொழில் புத்தி மெல்ல விழித்துக்கொண்டது. ஒரே கோளாறோடு மூன்றாம் தடவை திரும்பி வருகிற மெஷினைக் கழற்றக் கூடாது, அது இருக்கிற வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது அவளாகக் கண்டுபிடித்து வைத்திருக்கும் சட்டம். வாரா வாரம் நூல் அறுகிறது என்று ஒரு டெய்லர் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் உயிரை வாங்கினார். கடைசியில் அவர் கடைக்கே போய்ப் பார்த்தால் மேஜைக்கு ஒரு கால் ஆட்டம். மெஷின் தங்கமாக இருந்தது.

வியாழக்கிழமை ராஜாவைத் தள்ளிவிட்டு ஆறரைக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. ஏழாயிற்று, எட்டாயிற்று, வரவில்லை. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், ஆனால் ரிப்பேர்காரிக்குத் தானாகச் சரியாகிற கோளாறைப் போல எரிச்சல் தருவது வேறில்லை. வெள்ளிக்கிழமை ஆறு நாற்பதுக்கு அது வந்துவிட்டது. வந்ததும் அவளுக்கு ஒரு நிம்மதி.

வியாழக்கிழமை மட்டும் என்ன விசேஷம்? சாப்பிடும்போது புருஷனிடம் கேட்டாள். பஸ்ஸில் ஒன்றும் விசேஷமில்லை, நேற்று உன் அண்ணனைத்தான் பார்த்தேன், கிடங்கில் சரக்கு சரிபார்ப்பு, இன்று வீட்டுக்குப் போக நேரமாகும் என்றார் என்று அவன் சொன்னான்.

ஊசி தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். அண்ணன் மற்ற நாள்களில் ஆறேகாலுக்கு வீட்டுக்கு வருவான். சட்டையைக் கழற்றுவதற்கு முன்னால் அவன் செய்கிற காரியம் அவன் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறப்பது.

இப்போதுதான் அவள் திரையின் மேல் மூலையைச் சரியாகப் பார்த்தாள். அங்கே சுண்டைக்காய் அளவு வட்டத்தில் அண்ணனின் முகம். கோட்டுப் போட்டு, உதட்டை இறுக்கி, பாஸ்போர்ட்டுக்கு எடுத்த போட்டோ. இரண்டு வருஷமாக அது அங்கேதான் இருக்கிறது. மெஷினின் நெற்றியில் கம்பெனி தன் பேரை அடித்திருப்பது மாதிரி, போட்டுக் கொடுத்தவன் முகம் மூலையில் இருக்கும் போல என்று நினைத்திருந்தாள். சித்தப்பா வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அந்த முகம்தான், அத்தை வீட்டிலும் அதே முகம்தான். யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

முகத்தின் மேல் அழுத்தினாள். விஷயம் பச்சையாக எழுதியிருந்தது. இந்தப் பிரவுசர் அண்ணனுடைய அக்கவுண்டில் ஓடுகிறது. அவன் மெஷினில் இருப்பது இங்கே வரும், இங்கே நடப்பது அவன் மெஷினுக்குப் போகும். அவன் தேடியவை கீழே வரிசையாக இருந்தன. அவனுக்கு வழுக்கை விழுவதைப் பற்றி இவ்வளவு கவலை இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. சிரிப்பு வந்தது, ஆனால் பாதியிலேயே நின்றுவிட்டது. அங்கேயிருந்து இங்கே வருமென்றால் இங்கேயிருந்து அங்கேயும் போயிருக்குமே. போன மாதம் அவன் திடீரென்று, உனக்கு எதற்கு ஃபேக்டரி மெஷின் கோர்ஸெல்லாம், வீட்டு மெஷினே போதாதா என்று கேட்டான். அந்தக் கோர்ஸைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விட்டதில்லை, புருஷனிடம்கூட. கம்ப்யூட்டரில் தேடித்தான் பார்த்திருந்தாள். அவன் கேட்டதும் அசட்டுச் சிரிப்புச் சிரித்து, சும்மா பார்த்தேன் என்று சொல்லி அதோடு அதை விட்டும்விட்டாள். அதை நினைத்தபோது அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. விட்டது அவள் தப்பு என்று அவள் மேலேயே கோபம் வந்தது.

சனிக்கிழமை காலை அண்ணன் வேலைக்குப் போன பிறகு அண்ணிக்கு போன் போட்டாள். உங்கள் கம்ப்யூட்டரில் எதையாவது தேடுங்கள், என்ன வருகிறது சொல்லுங்கள் என்றாள்.

"பச்சையா ஒரு பக்கம் வருது. மூணு வாரமா அப்படித்தான்" என்றாள் அண்ணி. "அதுதான் புது டிசைன்னு உங்க அண்ணன் சொன்னாரு."

போனை வைத்த பிறகு ஊசி ஐந்து நிமிஷம் சிரித்தாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது இதுதான். அப்புறம் உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். முதலில் அண்ணனின் அக்கவுண்டை எடுத்தாள். உறுதியாக எடுக்கவா என்று கேட்டது. உறுதியாக என்றாள். பிறகு ராஜாவைத் தள்ளினாள், தேடும் பக்கத்தைப் பழையபடி மாற்றினாள், தன் பேரில் ஒரு அக்கவுண்ட் திறந்தாள். மூலையில் வைக்க அவளிடம் கோட்டுப் போட்ட போட்டோ கிடையாது. எண்ணெய்க் கையோடு இருப்பதையே வைத்தாள். ஆறரை வந்து போயிற்று. ஏழரைக்கு டென்ஷன் டிஸ்க் என்று தேடினாள். டென்ஷன் டிஸ்க்கே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அண்ணன் அட்டைப்பெட்டியும் கயிறுமாக வந்தான். அண்ணியும் கூட வந்திருந்தாள். டிரைவர் வாசலிலேயே பெட்டியை வாங்கிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அதைப் பிடித்தபடி நின்றான். ஊசி எழுந்திருக்கவில்லை. ஒரு மெஷினின் வயிற்றுக்குள் கை விட்டிருந்தாள். கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது, எதை வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாள். அண்ணன் நம்பாமல் உட்கார்ந்து நாலு தடவை தேடினான். நாலு தடவையும் கேட்டதே வந்தது. பிறகு மூலையைப் பார்த்தான்.

"என் முகம் எங்க?"

"எடுத்துட்டேண்ணா."

"யாரைக் கேட்டு எடுத்த?"

"யாரைக் கேட்டு வெச்சீங்க?"

ஊசி கையைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். நாளும் மணியும் வரிசையாக இருந்தன. கோளாறு இந்த மெஷினில் இல்லை, உங்கள் மெஷினில் இருந்து உங்கள் அக்கவுண்ட் வழியாகத் தினமும் இங்கே வந்தது, நீங்கள் வீட்டுக்கு வராத அன்று அதுவும் வரவில்லை என்று விளக்கினாள். அண்ணன் சிரித்தான். எனக்கே பாடமா என்று ஆரம்பித்தான். அப்போது அண்ணி, மூன்று வாரமாக நம் வீட்டிலும் அதே பச்சைப் பக்கம்தானே வருகிறது என்று சாதாரணமாகச் சொன்னாள். அவன் சிரிப்பு அங்கேயே நின்றது.

"நல்லதுக்குத்தானே எல்லாம் செஞ்சேன்" என்றான் கடைசியில். குரல் இறங்கியிருந்தது.

அவன் மாடிப்படியில் மூச்சு வாங்கச் சுமந்து ஏறியது அவள் கண்முன் வந்தது. பாவமாகக்கூட இருந்தது. இருந்தாலும் இதை இன்றைக்குச் சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்ல முடியாது.

"நல்லதுக்குத்தான். ஆனா நான் என்ன தேடுறேன்னு பார்த்தீங்களே. கோர்ஸ் வேண்டாம்னு சொன்னீங்களே, அது யார் நல்லதுக்கு?"

அது தானாகத் தன் திரையில் வந்தது என்று அவன் முணுமுணுத்தான். வந்திருந்தால் மூடிவிட்டுப் போயிருக்கலாம் என்றாள் அவள். அந்தக் கோர்ஸில் நேற்றுச் சேர்ந்துவிட்டதையும் சொன்னாள். புருஷனுக்கே அது செய்தி. அவன் அண்ணனைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், பிறகு அட்டைப்பெட்டியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். இத்தனை வருஷத்தில் அவன் மச்சானுக்கு ஓரங்கட்டாதது அதுதான் முதல் தடவை.

அண்ணன் எழுந்தான். நாளைக்கு ஏதாவது ஆனால் என்னிடம் வராதே என்றான். வர மாட்டேன் என்றாள். வாசல் வரை போனவனை அண்ணி நகர விடவில்லை. அப்படியானால் நம் வீட்டு மெஷினை யார் சரிபண்ணுவது என்று கேட்டுவிட்டு அங்கேயே நின்றாள். நாத்தனாரிடமே கொடுக்கலாமே என்றாள் அண்ணி. கடைசியில் அவனே திரும்பி, தங்கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து, நாளைக்கு இங்கே எடுத்துக்கொண்டு வரட்டுமா என்று கேட்டான்.

"இங்க கொண்டுவர வேண்டாம்ணா" என்றாள் ஊசி. "உங்க மெஷின் உங்க வீட்டுலயே இருக்கட்டும், நான் அங்க வந்து பார்க்கிறேன். பக்கத்துலயே உட்காருங்க. உங்களுக்குத் தெரியாம அதுல நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."