கல்லைப் பிடித்த பாசி

திண்டுக்கல்லுல ஏது கடலுன்னு கேக்காதீங்க. எங்க லேப்ல ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கு. உப்புத்தண்ணி, காத்துக் குழாய், நடுவுல ஒரு பவளக்கல்லு, அதுல ஒட்டிக்கிட்டு ஒரு கொத்துக் கடல்பாசி. என் தம்பி அருள்நாதனக் கடல்ல இருந்து தூக்குனப்ப அவன் கையில இருந்த கல்லு அது. விரலப் பிரிச்சுத்தான் எடுத்தாக. குழாயில கொப்புளம் வாரப்பல்லாம் அவன் தண்ணிக்குள்ள மூச்சு விடுற மாதிரியே கேக்குது. பட்டப்பகல்லயே பயமாத்தான் இருக்கு. நிறுத்தவும் மனசு வரல.

ராமநாதபுரம் பக்கம் கடல்ல கயித்துல கட்டி வளக்குற பாசியும், பாறையில தானா மொளைக்கிற பாசியும் ஒரே வம்சமா, வேறவேறயான்னு மரபணுவப் பாத்துச் சொல்றது எங்க வேலை. பாறைப்பாசி எடுத்துட்டு வாரது தம்பி பொறுப்பு. அவன் மொதத் தடவ கொண்டாந்தது அம்புட்டும் கயித்துப்பாசியோட அச்சு அசலாப் பொருந்திப் போச்சு.

எங்களுக்கு மேல இருக்கிற முகேஷ்குமார் சார், எல்லாரையும் வச்சுக்கிட்டே கேட்டாரு. "ஏம்ப்பா, பாறை வரைக்கும் போகச் சோம்பேறித்தனப்பட்டு, கயித்துலயே வெட்டிட்டு வந்துட்டியா?"

"பாறையிலதான் சார் எடுத்தேன்," னு தம்பி சொன்னான்.

"அப்ப மிஷின் பொய் சொல்லுதாக்கும்?"

அன்னைக்கு அவன் சோத்தத் தொடல. "கல்லோட பேத்துட்டு வாரேங்க்கா. கயித்துப்பாசிக்கு ஏது கல்லு? அப்ப நம்பித்தான ஆகணும்," னான். குஜிலியம்பாறைக் கிணத்துல நீச்சல் பழகுன பய. கிணத்துல முங்குனா முங்குன எடத்துலயே எந்திரிக்கலாம். கடல் இழுத்துட்டுப் போகும்ல? இன்னைக்கு வேணாம்ப்பான்னு படகுக்காரர் சொல்லியும் குதிச்சிருக்கான், கூறுகெட்டவன். எனக்கு வந்த ஆத்திரத்துல பிணத்தையே நாலு அறை அறைஞ்சிருப்பேன்.

கல்லறைத் திருநாளுக்கு நிலக்கோட்டை மல்லியா வாங்கி அவன் கல்லறைய மூடுனோம். மெழுகுவத்திய ஏத்திட்டு எங்கம்மா செபாஸ்தியம்மாள் மெதுவாக் கேட்டுச்சு. "ஏத்தா, எம்புள்ள பொய் சொன்னானா?"

ஊரெல்லாம் அதத்தான் பேசிக்கிட்டிருந்துச்சு.

மறுநாள் தொட்டிக்குள்ள கைய விட்டு அந்தப் பாசியில ஒரு நுனியக் கிள்ளுனேன். அவனையே கிள்ளுற மாதிரி இருந்துச்சு. அரைச்சு, மரபணுவப் பிரிச்சு, மிஷின்ல ஏத்திட்டு, மாதாவே இது பாறைப்பாசியா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்.

கயித்துப்பாசின்னுதான் வந்துச்சு.

எனக்கு ஒண்ணுமே ஓடல. திரும்பத் தொட்டியப் பாத்தேன். பாசி கல்ல இறுக்கிப் பிடிச்சிருக்கு, பிச்சாலும் வராது. அப்பத்தான் வெளங்குச்சு. கயித்துல இருந்து அத்துக்கிட்டுப் போன துண்டுக பாறையில போய்க் குடியேறிருச்சு. அங்க போய் எவன் எடுத்தாலும் இதுதான் கையில வரும்.

ரிசல்ட்டையும் கல்லையும் மாறி மாறிப் பாத்தாரு முகேஷ்குமார் சார். அப்புறம் கண்ணத் தொடச்சுக்கிட்டு, "கல்லக் கொண்டாந்து நிரூபிச்சுட்டாம்மா உந்தம்பி," ன்னாரு.

"மொதத் தடவ கொண்டாந்ததும் இதே பாசிதான சார்," னேன். "அப்பவே நம்பியிருந்தா அவன் ரெண்டாந் தடவ போயிருக்கவே வேணாமே."