கிருபையின் உயரத்துக்கு ஒரு சைக்கிள்

1

இவங்களுக்குப் பிடிக்காமப் போயிட்டா நல்லா இருக்கும்.

இப்படி நினைத்தபடியேதான் கிருபை அந்தப் புது சைக்கிளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். சைக்கிளுக்குச் சொல்லிவைத்திருந்தவர் மனைவியோடு கிளம்பிவிட்டதாகப் போன் செய்திருந்தார். செய்துகொடுக்கிறவள் இப்படி நினைக்கலாமா என்று தனக்கே ஓர் அதட்டல் போட்டாள். போட்டுவிட்டு மறுபடியும் அதையே நினைத்தாள்.

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் புது சைக்கிளை நிறுத்தினாள். யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு மணியை ஒரே ஒரு தரம் அடித்தாள். தானே சிரித்துக்கொண்டாள். கண்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான் சேர்த்தது. சேர்க்கச் சேர்க்க அவள் பெயர் கிருபை ஆயிற்று, சொந்த ஊர் நாசரேத் ஆயிற்று, ரெக்சன் என்று ஒரு கணவனும் வந்து சேர்ந்தான்.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: ‘முத்து விளையும் கடலோரத்தில், முத்தின் வெண்மையில் ஒரு சைக்கிள்…’

[அடித்துவிட்டேன். தூத்துக்குடி என்றதும் முத்தை எடுத்து வைத்தால் ஊர்க்காரர்கள் சிரிப்பார்கள். சைக்கிளின் நிறம் மாங்காய்ப் பச்சை.]

துறைமுகச் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு ஐஸ் கம்பெனிக்குப் பின்னால் அவர்களுடைய பட்டறை. கடையில் வாங்கும் சைக்கிளுக்கு நாம்தான் உடம்பைப் பழக்கவேண்டும். இங்கே உடம்பை அளந்து சைக்கிள் செய்வார்கள். குழாய்களை வெட்டிப் பற்றவைப்பதும் சக்கரத்துக்குக் கோட்டம் எடுப்பதும் கிருபை. பெயிண்ட் ரெக்சன். கடல்காற்று எழும்பும் முன் காலையிலேயே அடித்து முடித்துவிடுவான். காற்று வந்துவிட்டால் ஈரப் பெயிண்ட்டில் தூசி ஒட்டிக்கொள்ளும். பிறகு உப்புத்தாள் போட்டு முதலிலிருந்து தேய்க்கவேண்டும்.

[கோட்டம்: சக்கரம் சுழலும்போது ஒரு பக்கமாக ஆடுவது. கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் நேராக்குவார்கள். நானும் முயன்று பார்த்தேன். நான் தொட்ட பிறகு கோட்டம் கூடிவிட்டது. அந்தப் பத்தியைச் சேர்க்கவில்லை.]

இத்தனை பேருக்குச் செய்துகொடுத்த கிருபைக்கென்று ஒரு சைக்கிள் கிடையாது. யாரோ விட்டுப்போன பழைய வண்டியைத்தான் ஓட்டுகிறாள். மிதிக்கும்போது முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும். அவள் நல்ல நெட்டை. [இதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும்.] தனக்கு ஒன்று செய்துகொள்ள நினைக்கிற போதெல்லாம் யாராவது ஒருவர் ஆர்டரோடு வந்துவிடுவார்கள்.

3

அப்படி வந்தவர்தான் சிவபாலன். சாகுபுரம் கெமிக்கல் கம்பெனியில் வேலை. மனைவியின் பிறந்தநாளுக்கு அவளுக்குத் தெரியாமல் சைக்கிள் வேண்டும். தெரியக்கூடாது என்பதால் அளவெடுக்கக் கூட்டி வர முடியாது. ஒரு துணிப்பையை நீட்டினார். உள்ளே ஒரு சுடிதார்.

“என்ன சார் இது?”

“அளவு சுடிதார் மேடம். டெய்லர்ட்ட குடுப்போம்லா, அதே மாதிரிதான்.”

ரெக்சன் பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னால் குனிந்து கொஞ்ச நேரம் எதையோ தேடினான். பிறகு அங்கிருந்தே சொன்னான். “ஏளா, கழுத்துக்கு பைப்பிங் வைக்கணுமான்னு கேட்டுக்கோ.”

இந்த இடத்தில் எனக்குக் கிருபைமேல் சந்தேகம் வந்தது. வேலை தெரிந்தவள் ஒரு துணியை நம்பி ஒப்புக்கொள்வாளா? திருப்பி அனுப்புகிற மாதிரி ஒரு பத்தி எழுதினேன். அதில் அவள் வாய் திறக்கவே மாட்டேன் என்றாள். சரி, என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று விட்டேன். அவள் சுடிதார் காலை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துப் பார்த்தாள். கீழ்முனை கணுக்காலில் வந்து நின்றது. மேல்சட்டையைத் தோளில் வைத்தாள். அதுவும் சரி. அளக்கவேண்டிய உடம்பு பட்டறையிலேயே இருந்தது.

‘ஆசை என்பது எப்போதும்…’

[இல்லை, வேண்டாம். அது ஆசை என்று அவளுக்கே அப்போது தெரியாது.]

பிரேம் முடிந்ததும் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். சீட் வைத்ததும் பார்த்தாள். ஹேண்டில்பார் மாட்டியதும் பார்த்தாள். பெயிண்ட் காய்ந்த பிறகு, பார்ப்பதற்கு ஒன்றுமில்லாதபோதும் ஏறி ஐஸ் கம்பெனியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். முழங்கால் எங்கும் இடிக்கவில்லை. முதுகு தானாக நிமிர்ந்தது.

“டெஸ்ட்டா பண்ணுத?” என்றான் ரெக்சன். “திருச்செந்தூர் பஸ்ல ஜன்னல் சீட்டு கெடச்சவ மாதிரில்லா உக்காந்திருக்க!”

“பிரேக் எப்படி புடிக்குன்னு பாக்கேன்.”

“பிரேக்கு நேத்தே புடிச்சுட்டு.”

4

சிவபாலன் மனைவியோடு உள்ளே வந்தார். சரண்யாதேவி கிருபையின் தோளுக்குக் கீழே நின்றாள். சைக்கிளைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

“ஏங்க, இதுல ஏறணும்னா எனக்கு ஏணியும் சேத்து வாங்கணுமே.”

கிருபை சுடிதாரை எடுத்துக் காட்டினாள். சரண்யாதேவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

“இது சண்முகப்ரியா சுடிதாருங்க! என் தங்கச்சி. லீவுக்கு வந்தப்ப கொடியில காயப்போட்டா. காத்துல பறந்துட்டுன்னு எதுத்த வீட்டு மொட்டமாடி வரைக்கும் போயித் தேடுனோம். இந்த மனுசனும் கூட சேந்து தேடுனாரு!”

“நீங்க தேடுனது வேறன்னுல்லா நெனச்சேன்,” என்றார் சிவபாலன்.

“கொடியில எது ஆம்பளத் துணி, எது பொம்பளத் துணின்னாவது தெரியுமா ஒங்களுக்கு?”

ரெக்சனால் இந்தத் தடவை ஒளிந்துகொள்ள முடியவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். சிவபாலனும்தான், கொஞ்சம் தாமதமாக.

“சீட்டை எறக்கிட்டா?”

“சீட்டை எறக்கலாம் சார். பிரேமை எப்படி எறக்க?” என்றாள் கிருபை.

“அப்ப ஒண்ணு செய்யுங்கக்கா,” என்றாள் சரண்யாதேவி. “எனக்கு வேற செஞ்சு தாங்க. இத சண்முகப்ரியாவுக்குக் குடுத்துருவோம். அவளுக்குச் செஞ்ச மாதிரியேல்லா இருக்கு!”

5

எவ்வளவு அழகாக முடிகிறது பாருங்கள். நான் இதைத்தான் தயாராக வைத்திருந்தேன். சுடிதாருக்கு உடையவளுக்கே சைக்கிள் போய்ச் சேருகிறது.

இன்னொரு முடிவும் எழுதினேன். அதில் ரெக்சன் முன்னால் வந்து, “அது எம் பொண்டாட்டிக்கு வேணும்” என்கிறான். நல்ல மனுஷன், சொல்லக்கூடியவன்தான். ஆனால் அவள் வாயில் இருப்பதை அவன் ஏன் சொல்லவேண்டும்? கிழித்துவிட்டேன்.

எல்லோரும் கிருபையைப் பார்க்கிறார்கள். அவள் கை சீட்டின் மேல் இருக்கிறது. எடுக்கவில்லை.

“தங்கச்சியையும் கூட்டிட்டு வாங்க,” என்கிறாள். “ரெண்டு பேருக்கும் அளவெடுத்துப் புதுசா செஞ்சு தாரேன். இது வேண்டாம்.”

“ஏன் மேடம்? இதுதான் ரெடியா இருக்கே!”

அவள் மணியை விரலால் துடைத்தாள். அவர்கள் காரணத்துக்குக் காத்து நிற்பது எனக்குத் தாங்கவில்லை. வந்தவர்களுக்கு மனத்தாங்கல் வந்துவிடக் கூடாது, கதையும் நொண்டக்கூடாது. பக்கத்தில் போய்க் காதோடு சொன்னேன்: ஒரு காரணம் சொல்லிரு கிருபை. சக்கரத்துல கோட்டம் இருக்குன்னு சொல்லு. பெயிண்ட் இன்னும் சரியா காயலன்னு சொல்லு. அவங்களும் சந்தோசமாப் போயிருவாங்க, நானும் முடிச்சுக்கிடுவேன்.

அவள் என் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை.

“பெயிண்ட் காஞ்சிருச்சுக்கா,” என்றாள் மெல்ல. “கோட்டமும் இல்ல. வண்டி நல்லாத்தான் இருக்கு. நான் குடுக்கல.”