இடப்பக்கம் சாய்ந்த அம்பாசிடர்

எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு நாள் ஒரு கார் பீடித்துண்டின் மேல் ஏறி, இறங்க முடியாமல் நின்றுவிட்டது. ஸ்பிரிங்கை அறுத்து, வயிறு தரையில் உரசும்படி தாழ்த்திய கார். நாலு பேர் கூடித் தூக்கிவிட்டார்கள். பீடி அணையக்கூட இல்லை. இதைத் தன் கண்ணால் பார்த்ததாக ஜாபர் சொல்வார். நம்பாதவர்களை சண்முகவேலிடம் கேட்கச் சொல்வார். சண்முகவேலும் அப்படியேதான் நடந்தது என்பார். தூக்கியது நாலு பேரில்லை, ஆறு பேர் என்று மட்டும் திருத்துவார்.

ஜாபர் தண்டையார்பேட்டைக்காரர். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகளுக்கு அடியில் முப்பத்தெட்டு வருஷம் மல்லாந்து கிடந்தவர், இப்போதுதான் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். உடம்பு ஐம்பத்திரண்டு கிலோ. அதில் தாடியே இரண்டு கிலோ தேறும். சண்முகவேலுக்கு வண்ணாரப்பேட்டையில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. திருநெல்வேலியிலிருந்து அவர் ரயிலேறி முப்பது வருஷம் ஆகிறது, பேச்சு மட்டும் இன்னும் ஏறவில்லை. மூன்றாவது ஆள் அம்புரோஸ். ராயபுரம். துறைமுகத்தில் கப்பல்களை இழுத்துவரும் படகை ஓட்டி ஓய்வு பெற்றவர்.

மூன்று பேருக்கும் ஞாயிறு காலையில் ஒரே வேலை. திருவொற்றியூரில் கடலுக்குப் போட்ட கருங்கல் தடுப்புக்கு எதிரே ஒரு டீக்கடை உண்டு. அங்கே உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிகளுக்குச் செய்திருக்கிற அலங்காரங்களைப் பழிப்பார்கள். ஹெட்லைட்டுக்கு ரப்பர் இமை ஒட்டிய கார் ஒன்று வரும். அதைக் கட்டிக்கொடுக்க மாப்பிள்ளை தேடுவார்கள். பின்பக்கம் இஸ்திரி மேசை அகலத்துக்கு றெக்கை வைத்த கார் ஒன்று வரும். அதன் மேல் ஒரு குடும்பம் ஏறி அமர்ந்து பொன்னேரி வரை போனதை ஜாபர் பார்த்திருக்கிறார். சைலன்சர் குழாயில் பூனை குட்டி போட்டதும், ஹாரன் அடித்தபோது அது குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறு காருக்குக் குடிபோனதும் ஊரறிந்த விஷயம். ஆளுயரத்துக்குத் தூக்கிக் கட்டிய ஒரு ஜீப்பில் மாமியாரை ஏற்றுவதற்குத் தீயணைப்பு வண்டியை வரவழைத்த கதையை சண்முகவேல் சொன்னபோது கடையே சிரித்தது. அம்புரோஸ் மட்டும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிக்கிய வண்டிக்கு ஒரு பரீட்சையும் இருந்தது. விளிம்புவரை டீ ஊற்றிய கிளாஸை டாஷ்போர்டின் நடுவில் வைப்பார்கள். எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கம் நோய். இந்தப் பரீட்சையில் பதினோரு வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தது அம்புரோஸின் சொந்த வண்டிதான். வெள்ளை அம்பாசிடர். முன்பக்கம் இடது சக்கரத்தின் மேல் இரண்டு விரற்கடை இறங்கி, ஒரு காதில் மட்டும் கம்மல் போட்ட மாதிரி நிற்கும்.

இது ஏன் சாய்கிறது என்பதில்தான் சண்டை. இந்த வண்டிக்கு முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் கிடையாது, சக்கரத்துக்கு ஒன்றாக இரண்டு நீளமான முறுக்குக் கம்பிகள்தான், பிழிந்த துணி விரியப் பார்ப்பது போல அந்த முறுக்குதான் வண்டியைத் தாங்குகிறது என்று ஜாபர் தன் கைத்துண்டைப் பிழிந்து காட்டுவார். ஒரே பக்கம் பாரம் ஏறிக்கொண்டே இருந்தால் அந்தக் கம்பி தளர்ந்துபோகும் என்பது அவர் கட்சி. ரோடே இடப்பக்கம் சரிவு, பாவம் கம்பி என்ன செய்யும் என்பது சண்முகவேலின் கட்சி. அம்புரோஸ் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. அரை மணி நேரம் கொடுத்தால் நேராக்கிவிடுகிறேன் என்று ஜாபர் நூறு தடவை கேட்டிருப்பார். நூறு தடவையும் ஒரே பதில்தான்.

"இருக்கட்டும் மாமு. அது பாட்டுக்கு கீது."

வண்டியின் இடது முன் சீட்டில் அம்புரோஸின் மனைவி அன்புக்கரசி உட்கார்ந்திருப்பார். முதல் பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக இங்கே வருவார்கள். நல்ல பருமனான பெண்மணி. வண்டியை விட்டு இறங்க மாட்டார். டீயும் ஒரு மசால்வடையும் ஜன்னலுக்குப் போகும். இந்த வழக்கில் அவரும் சாட்சி சொல்வார்.

"ரோடும் இல்ல, கம்பியும் இல்ல அண்ணே. நான் இந்தாண்ட குந்தினா எண்ணூர் கடலே இந்தப் பக்கம் சாஞ்சிகினு வரும்."

எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜாபர் அதையும் கைத்துண்டால் விளக்கினார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. தொழில் சம்பந்தமான பேச்சு. இடது சீட்டில் இத்தனை வருஷம் முழு லோடு, வேறு காரணமே தேவையில்லை என்றார். அன்புக்கரசியும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அடுத்த ஞாயிறு முதல் வடை வேண்டாம், வாயுத் தொல்லை என்றார். அதற்கப்புறம் இரண்டு வடையையும் அம்புரோஸே தின்றார். வண்டியில் தேய்ந்த ரப்பர் புஷ்ஷை அரை மைல் தூரத்தில் காதால் கண்டுபிடிக்கிற ஜாபர், இதில் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை.

கார்த்திகை மழையில் அன்புக்கரசிக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் ஆஸ்பத்திரி. நாலாம் நாள் வேறொரு வண்டியில், படுத்தபடி வீட்டுக்கு வந்தார். சந்து முனையில் நின்ற ஜாபர், பள்ளத்தில் இறங்கி ஏறியபோது அந்த வண்டி அலுங்காமல் வந்ததைக் கவனித்தார். கவனித்ததற்காகத் தன்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டார்.

அப்புறம் நாலு ஞாயிறு அம்புரோஸ் வரவில்லை. ஜாபர் பழக்கத்தில் மூன்று டீ சொல்வார். மூன்றாவது ஆடை கட்டி ஆறிப்போகும். இமை ஒட்டிய கார் ஒருமுறை கடந்து போனது. போகுது என்றார் சண்முகவேல். போகட்டும் என்றார் ஜாபர். அவ்வளவுதான் அன்றைய பேச்சு.

அப்பா சந்து முனையைத் தாண்டுவதில்லை என்று மகள் சுஜா போனில் சொன்னாள். வண்டியின் மேல் போட்ட தார்ப்பாயைக்கூட எடுக்கவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு ஆட்டோ சொல்லச் சொல்லியிருக்கிறார், வண்டியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறார். ஜாபர் கணக்குப் போட்டுப் பார்த்தார். வண்டி போனால் ஞாயிறு போகும், ஞாயிறு போனால் அம்புரோஸும் போவான் என்று தோன்றியது. ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில் எல்லோரும் சொன்னதையே அவரும் சொல்லி, பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தார். தனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அதைச் செய்துவிடுவோம் என்று முடிவெடுத்தார். முப்பதாம் நாளன்று அம்புரோஸ் தன் சொந்த வண்டியில், நேராக நிற்கிற வண்டியில் கோயிலுக்குப் போகவேண்டும்.

பூசைக்கு முந்தின நாள் காலையில் சிலுவை நட்ட இடத்தைப் பார்க்க அம்புரோஸ் காசிமேட்டுக் கல்லறைக்குப் போனார். சுஜா சாவியைக் கொடுத்தாள். சண்முகவேல் கடையை அடைத்துவிட்டு ஸ்பேனர்களோடு வந்திருந்தார். சந்தில் கோணிப்பையை விரித்து, ஜாக்கியை ஏற்றி, ஜாபர் வண்டிக்கு அடியில் நுழைந்தார்.

முறுக்குக் கம்பியின் பின்முனையில் ஒரு லிவர் இருக்கும். அதை மாட்ட வரிசையாகத் துளைகள். ஒரு துளை தள்ளி மாட்டினால் வண்டி கொஞ்சம் ஏறும் அல்லது இறங்கும். வலது பக்கம் லிவர் நடுத் துளையில் இருந்தது. இடது பக்கம் கடைசித் துளையில். அந்தத் துளையைச் சுற்றி மஞ்சள் பெயிண்டால் ஒரு வட்டம்.

ஜாபருக்கு முப்பது நாளில் முதல்முறையாகச் சிரிப்பு வந்தது. "எவனோ வேல தெரியாத பேமானி, கடேசி ஓட்டைல மாட்டி வெச்சிக்கீறான் அண்ணாச்சி. அதுக்கு அடையாளம் வேற."

"அப்போ உம்ம லோடு கணக்கு பொய்யா வே, பாய்?" என்றார் வெளியிலிருந்து சண்முகவேல்.

அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று ஜாபர் ஸ்பேனரைக் கேட்டார். லிவரை நடுத் துளைக்குக் கொண்டுவந்து முடுக்கினார். மண்ணெண்ணெய்த் துணியால் மஞ்சள் பெயிண்டையும் சுத்தமாகத் துடைத்தார். வேலை தெரியாதவன் விட்டுப்போன அடையாளம் எதற்கு?

ஜாக்கியை இறக்கினார்கள். வண்டியைக் கழுவினார்கள். முனைக்கடையில் டீ வாங்கி, கிளாஸை விளிம்புவரை நிரப்பி டாஷ்போர்டின் நடுவில் வைத்தார்கள். ஒரு சொட்டு வழியவில்லை. டீ கண்ணாடி போல நின்றது. பதினோரு வருஷத்து வழக்கு முடிந்தது என்று சண்முகவேல் கையைத் துடைத்தார்.

கல்லறையிலிருந்து திரும்பிய அம்புரோஸ் சந்து முனையிலேயே நின்றுவிட்டார். ஆயுசெல்லாம் படகு ஓட்டியவருக்கு, எது எந்தப் பக்கம் சாய்கிறது, எது சாயவில்லை என்பது தூரத்திலேயே தெரியும். மெதுவாக நடந்துவந்து, இடது முன்கதவைத் திறந்து, கால் வைத்து ஏறுகிற விளிம்பின் மேல் உள்ளங்கையை வைத்தார். அங்கிருந்து தரைவரைக்கும் பார்த்தார்.

"அங்க மஞ்சப் பெயிண்டு இருந்துச்சே மாமு."

"தொடச்சிட்டேன் நைனா. எவனோ ஒரு கழுத..."

"நான்தான்."

சண்முகவேல் ஸ்பேனர்களைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார்.

அம்புரோஸ் விளிம்பிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அன்புக்கரசியின் முட்டி போய்விட்டது. கோயில் வாசலில் ஒரு நாள் வண்டியில் ஏறக் காலைத் தூக்க முடியாமல் நின்றாள்; பின்னாலிருந்து இரண்டு பேர் தாங்கி ஏற்றினார்கள்; யாரோ சிரித்தார்கள். இனிமேல் எங்கேயும் வரவில்லை என்றுவிட்டாள். அந்த வாரம் ஒரு மதியம் அவள் வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தபோது, அம்புரோஸ் ஸ்பேனரை இரவல் வாங்கி, வண்டிக்கு அடியில் படுத்து, ஒவ்வொரு துளையாக இறக்கினார். ஒவ்வொரு தடவையும் வெளியே வந்து அவளுடைய செருப்பைச் செங்குத்தாக நிறுத்தி, அவள் கால் எழும்புகிற உயரம் வந்துவிட்டதா என்று அளந்து பார்த்தார். இரண்டு விரற்கடைதான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. வண்டிக்கு வயசாச்சு, அதுவாகவே இறங்கிவிட்டது என்று அவளிடம் சொல்லிவிட்டார்.

"உண்மையச் சொன்னா ஏற மாட்டா. எனக்காவ வண்டியக் கெடுத்தியான்னு கேப்பா." விளிம்பை உள்ளங்கையால் தடவினார். "தன் வெயிட்டாலதான் சாஞ்சிச்சின்னு கடைசி வரிக்கும் நெனச்சிகினு இருந்தா."

ஜாபர் தோளில் கிடந்த கைத்துண்டை எடுத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் சுருட்டினார். ஜன்னலுக்குப் போய்த் திரும்பி வந்த வடைத்தட்டு ஞாபகம் வந்தது.

"வாயுன்னு சொன்னாங்களே" என்றார்.

"வாயு இல்ல மாமு."

ஜாபர் மறுபடியும் கோணிப்பையை விரித்தார். பத்து நிமிஷம், அதே துளை, அதே உயரம், தனக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும் என்றார். முட்டிபோட்டுக் குனிந்தவரின் தோளை அம்புரோஸ் பிடித்தார்.

"உடு. இனி யாரு ஏறப்போறா."

பிறகு அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு போய் வலது கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தார். முப்பது நாளில் முதல்முறை. அவர் உட்கார்ந்ததும் வண்டி அவர் பக்கமாக மெல்ல இறங்கியது. டாஷ்போர்டில் இருந்த டீ வலப்பக்கமாகத் ததும்பி, வழிந்து, கல்லறைக்குப் போட்டுப் போயிருந்த வெள்ளைப் பேண்டின் மேல் சொட்டியது. அம்புரோஸ் துடைக்கவில்லை.

ஜாபர் அதைப் பார்த்தபடியே நின்றார். காலி வண்டியை நேராக்கியிருந்தார். முப்பத்தெட்டு வருஷத் தொழிலில் இப்படி ஒரு பிழை அவர் செய்ததில்லை. அதில் ஒருவன் தனியாக உட்காரப் போகிறான் என்பதைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டார்.

திறந்தே கிடந்த இடது கதவுக்குப் போனார். காலைத் தூக்கினார், எட்டவில்லை. அவருக்கும் எழுபதாகிவிட்டது. இரண்டாம் முறை கதவுச் சட்டத்தை இறுக்கிப் பிடித்து, மூச்சு வாங்க ஏறி உட்கார்ந்தார். சீட்டின் நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. அவர் அதற்குள் பாதிகூட நிறையவில்லை. கிளாஸ் கொஞ்சம் நிமிர்வது போலிருந்தது, நிமிரவில்லை.

அம்புரோஸ் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பத்த மாட்ட மாமு."

"தெரியும்" என்றார் ஜாபர்.

அவர் இறங்கவில்லை. இறங்கு என்று அம்புரோஸும் சொல்லவில்லை. மீதி டீ வலப்பக்கமாகவே ஒதுங்கி நின்றது. இருவரும் அது ஆறுகிற வரைக்கும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.