உயிரோடு இருப்பவர்களுக்குத் தபால்தலை இல்லை

"எங்க அம்மா சாகல சார். அதை மாத்திப் போடுங்க."

இயக்குநர் அறைக்குள் நுழைந்ததுமே அவள் இதைத்தான் சொன்னாள். இந்த ஒன்றை மட்டும் அங்கே போய்க் கேட்டுவிடாதே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருந்தாள். "நான் செத்தவளாவே இருந்துட்டுப் போறேன்டி. உன் வேலை நிரந்தரமாகட்டும்." அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் இவள்தான். வாயை மூடிக்கொண்டு இருக்கவா பட்டம் வாங்கினாள்?

தலைமைத் தபால் நிலையத்தின் மாடியில், நாட்டின் தபால் வரலாற்றைச் சொல்லும் கண்காட்சிக்குக் குறிப்புகள் எழுதும் ஒப்பந்த வேலை அவளுக்கு. பேசும் வேகத்துக்காக எல்லோரும் அவளை "எக்ஸ்பிரஸ்" என்றே கூப்பிட்டார்கள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவர்கள், குதிரை வண்டி, ஓடும் ரயிலில் நின்றபடி கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்தவர்கள், கத்தரியால் வெட்டி ஒட்டிய முதல் தபால்தலை என்று எல்லாவற்றுக்கும் அவள்தான் எழுதினாள். ஆண்டு விழாச் சிறப்புத் தபால்தலையை மட்டும் யாரும் அவள் கண்ணில் காட்டவில்லை. நேற்று அச்சகத்திலிருந்து தாள் வந்தபோதுதான் பார்த்தாள்.

தாள் முழுக்க அம்மா. வரிசை வரிசையாக, ஓரமெல்லாம் ஓட்டையோடு, தலையில் தபால் பையைச் சுமந்தபடி ஆற்றிலிருந்து கரையேறிக்கொண்டிருந்தாள். கீழே ஒரு வரி: "தபாலுக்காக உயிர் நீத்தவர்."

உயிர் நீத்தவளா? தினக்கூலிக்குத் தபால் சுமந்த அம்மா, பல வருடங்களுக்கு முன் வந்த அந்த வெள்ளத்திலிருந்து கரையேறி நேராக வீட்டுக்குத்தான் வந்தாள். அடுப்படியில் கொடி கட்டி ஈரக் கடிதங்களைக் காயப்போட்டாள். பசை கரைந்து தபால்தலைகள் எல்லாம் உதிர்ந்துபோயிருந்தன. தபால்தலை இல்லாத கடிதத்துக்கு, வாங்குகிறவரிடம் இரட்டிப்புக் கட்டணம் வசூலிக்க வேண்டும் என்பது விதி. கூரையே அடித்துக்கொண்டு போனவர்களிடம் அதை எந்த வாயால் கேட்பது? கேட்காமலே வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்காகத்தான் வேலையை விட்டுத் தூக்கினார்கள். அவள் கரையேறும்போது ஒரு பத்திரிகைக்காரர் எடுத்த புகைப்படம் மட்டும் துறையில் தங்கிவிட்டது. அதன் பின்புறம் யாரோ எழுதி வைத்திருந்தார்கள்: "வெள்ளத்துக்குப் பிறகு பணியில் இல்லை." பணியில் இல்லையென்றால் உலகத்திலேயே இல்லை. அந்தக் கட்டடத்தின் புத்தி அவ்வளவுதான்.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எக்ஸ்பிரஸ், கொஞ்சம் நின்னு வாம்மா. உயிரோட இருக்கறவங்க படத்தைத் தபால்தலைல போடக் கூடாது. உனக்குத் தெரியாததா?"

"நல்லாத் தெரியும் சார். நான்தானே அதை எழுதினேன். அந்தக் காலத்துல ராஜாவுக்கு மட்டும் அந்த விதி கிடையாது. அவர் உயிரோட இருக்கும்போதே அவர் தலைக்குப் பின்னாடி நாடே எச்சில் தொட்டு ஒட்டுச்சு."

அந்தத் தபால்தலையை வரைந்த ஓவியர் ஓரமாக நின்றிருந்தார். அவருக்குச் சிரிப்பு முட்டியது. இருமிச் சமாளித்தார்.

"இப்பப் போய் உங்க அம்மா உயிரோட இருக்காங்கன்னு சொன்னா, அத்தனை தாளையும் கொளுத்தணும். விடிஞ்சா அமைச்சர் வர்றார். நாடு முழுக்க உங்க அம்மா முகம் போகப் போகுது. செத்துட்டாங்கன்னு ஒரே ஒரு வரி, அதுல என்ன குறைஞ்சுபோச்சு?"

"உங்க அம்மாவைப் பத்தி அப்படி ஒரு வரி எழுதித் தரட்டுமா சார்? நல்லா எழுதுவேன்."

"ஏம்மா..." என்று இழுத்தார் ஓவியர்.

இயக்குநரின் முகம் கறுத்தது. "உன்னோட நிரந்தர உத்தரவு இதோ மேஜைல இருக்கு. என் கையெழுத்துதான் பாக்கி. யோசிச்சுப் பேசு."

"யோசிச்சுட்டுத்தான் வந்தேன். தபால்தலை உதிர்ந்துபோச்சுன்னு தூக்கினவளையே இப்பத் தபால்தலையா ஒட்டறீங்க. அவங்க செத்ததால வேலைய விடல, நீங்க தூக்கினீங்க. கண்காட்சில அதைப் போடுங்க. போதும்."

"முடியாது."

"சரி சார்."

அவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டதுதான் அவரைக் கலக்கியது. "என்ன சரி?"

"நாளைக்குக் கீழே கவுன்டர்ல பொதுமக்களுக்கும் விக்கறீங்கல்ல? வரிசைல முதல் ஆளா எங்க அம்மா நிப்பாங்க. அமைச்சர் கையாலயே வாங்கட்டும். படத்தையும் ஆளையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு யார் வேணா பாத்துக்கட்டும்."

"அவங்க வருவாங்களாம்மா?" ஓவியர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"காலைல தாளைக் காட்டினேன்ணே. ரொம்ப நேரம் பாத்துட்டு, மூக்கை இவ்ளோ பெருசாவா போடுவாங்கன்னாங்க. செத்தவங்களுக்கு அந்தக் கோபம் வராது."

"நான் போட்டோவைப் பாத்துத்தான்..." என்று ஆரம்பித்தவர், இயக்குநர் முறைத்ததில் மீதியை விழுங்கினார்.

உத்தரவு மேஜையிலேயே கிடந்தது. அவள் அதைத் தொடவில்லை. தான் எழுதிய குறிப்புகளைத் தாண்டி, ஓடியவர்களையும் குதிரைகளையும் தாண்டிப் படியிறங்கினாள். வாசலில் காவலாளி நாளைய கூட்டத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வரிசை எந்தப் பக்கம்?"

அவர் இடது பக்கம் கை காட்டினார். அங்கே நிழல் இல்லை, உட்கார ஒரு கல்கூட இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி. வீட்டிலிருந்து ஒரு ஸ்டூல் தூக்கிவர வேண்டும் என்று நினைத்துக்கொண்டே தெருவில் இறங்கினாள்.